பிரித்தபோது விழுந்த கோடு

அந்த மாணவியின் விடைத்தாளில் பத்துக்கு ஆறு போட்டது சரியா என்று இன்னும் என்னால் தீர்மானிக்க முடியவில்லை. வையின் வகையீட்டுக் குணகம், அதாவது எக்ஸ் மாறும்போது வை மாறும் வீதம், எக்ஸ் + வை என்பதற்குச் சமனாகும் சமன்பாட்டின் நேர்கோட்டுத் தீர்வுகள் அனைத்தையும் காணுமாறு கேட்டிருந்தேன். அவர் கோட்டின் சாய்வான படித்திறனை எம் என்றும் வெட்டுத்துண்டை சி என்றும் எடுத்து நேரே பிரதியிட்டு, இரண்டுக்கும் −1 பெற்று, வை = −எக்ஸ் − 1 என்ற ஒரே கோட்டுடன் மூன்று வரிகளில் முடித்திருந்தார்.

“பிள்ளை, ஊகிச்சுப் பாக்கிறது முறையில்லை” என்று சொல்லிவிட்டு என் விடையைப் பலகையில் எழுதினேன். எக்ஸ் + வை என்பதை யூ என்று வைத்தால் யூவின் வகையீட்டுக் குணகம் 1 + யூ ஆகும். இரு பக்கத்தையும் அந்த 1 + யூவால் பிரித்துத் தொகையிட்டால் மடக்கை வரும், பிறகு பொதுத் தீர்வு வரும், அதன் மாறிலியைப் பூச்சியமாக்கினால் நேர்கோடு வரும். பையைத் தோளில் போட்டபடி அவர் கேட்டார்: “சேர், பிரிக்கிற அது பூச்சியமா இருந்தா?” மூதூர் பஸ்ஸுக்கு நேரமாகிறது, நாளைக்குப் பார்ப்போம் என்றேன். நேரமானது உண்மைதான், அந்தக் கணத்தில் என்னிடம் பதில் இருக்கவில்லை என்பதும் உண்மை.

1 + யூ பூச்சியமாகும் இடமே, அதாவது எக்ஸ் + வை = −1 என்பதே, அவர் கண்ட கோடு. கேட்ட விடையையே நான் பிரிக்கும்போது வெளியே தள்ளியிருந்தேன். மடக்கையை நீக்கும்போது கிடைக்கும் மாறிலி ஒருபோதும் பூச்சியமாகாது. அதைப் பூச்சியமாக்கிய என் கடைசி வரி, விழுந்ததைச் சொல்லாமல் எடுத்து ஒட்டியது. சமன்பாட்டை நேரே தொகையிடக்கூடியதாக்கும் தொகையீட்டுக் காரணியால் பெருக்கியிருந்தால் பிரிக்கவே தேவையிருந்திராது, கோடும் தொலைந்திராது. அதை நான் அறியாதவனல்லன்; சுருக்கமாயிருக்கிறது என்று பிரதியிடலை எடுத்தேன்.

ஆனால் அவர் தாளிலும் குறை உண்டு. எக்ஸின் எல்லாப் பெறுமானங்களுக்கும் சமன்பாடு பொருந்த வேண்டும் என்பதாலேயே குணகங்களைத் தனித்தனியே சமப்படுத்தலாம், அதனாலேயே வேறு கோடு இல்லை என்பதும் நிறுவப்படுகிறது. அந்தக் காரணத்தை அவர் எழுதவில்லை. மேலும், எக்ஸ் மறைப்பக்கமாக எல்லையின்றிச் செல்லச் செல்ல மற்ற எல்லாத் தீர்வு வளையிகளும் இந்தக் கோட்டையே நெருங்குகின்றன என்பதைப் பொதுத் தீர்வு உடனே காட்டுகிறது. அவருடைய மூன்று வரிகள் காட்டுவதில்லை. நான்கு புள்ளிகளையும் இவற்றுக்காகவே குறைத்தேன் என்று இப்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன். குறைத்தபோது இவற்றில் எதையும் நினைக்கவில்லை. ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியது ‘முறை இல்லை’ என்பது மட்டுமே. நேர்கோட்டைக் கேட்டால் நேர்கோட்டை வைத்துப் பார்ப்பது எப்படி ஊகமாகும்?

மறுநாள் பிரிப்பதற்கு முன் ‘1 + யூ பூச்சியமல்ல எனின்’ என்று ஒரு வரி சேர்த்து எழுதி, பூச்சியமாகும் நிலையை வேறாக எடுத்துக் காட்டினேன். யார் கேட்டதால் சேர்த்தேன் என்று வகுப்புக்குச் சொல்லவில்லை. அவர் தலை நிமிராமல் அந்த வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். தாளில் ஆறு ஆறாகவே இருக்கிறது.