ஹிரோஷிமாவில் ஒரு தோட்டத்துக் குடும்பம்

ஹிரோஷிமாவுக்கு வேலை மாற்றலாகிறது என்றதும் மலேசியாவில், ஈப்போவில் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: "அங்கே இன்னும் கதிர்வீச்சு இருக்குமே, பிள்ளையையும் கூட்டிக்கிட்டா போறீங்க?" குண்டு தரையிலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்தில் வெடித்தது. மண்ணில் தங்கிய கதிரியக்கம் சீக்கிரமே அடங்கிவிட்டது. இன்று இங்கே இருப்பது மற்ற ஊர்களில் இருக்கும் அளவுதான். எங்களைப் பாடாய்ப் படுத்தியது குப்பை. எரிகிறது, எரியாதது, பிளாஸ்டிக், பாட்டில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள். மற்றபடி டிராம் ஓடும் அமைதியான ஊர். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் அடுக்கிச் சுடும் ஒக்கோனோமியாக்கிக்கு நாங்கள் சம்பல் தொட்டுக்கொள்கிறோம். கடைக்காரர் பார்க்காதபோது.

குண்டு விழுந்த நாளான ஆகஸ்ட் 6 வந்தபோதுதான் சிக்கல். கோடை விடுமுறை நடுவிலும் அன்று மகளுக்குப் பள்ளி. காலை 8:15க்கு மௌன அஞ்சலி. அப்புறம் ஒரு வீட்டுப்பாடம்: போர்க் காலத்தில் உங்கள் குடும்பம் எங்கே இருந்தது, கேட்டு எழுதி வா.

எங்கள் குடும்பம் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தது. 1943இல் ஜப்பான்காரர்கள் தாத்தாவை சயாம், அதாவது இன்றைய தாய்லாந்தின் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோனார்கள். பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர். காலரா, மலேரியா, அடி, பட்டினி. அங்கே செத்த ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் பெரும்பங்கு. அந்த அக்டோபரில் பாதை முடிந்த பிறகும் பராமரிப்புக்கென்று பலரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள், தாத்தாவையும். போர் முடிந்தபின் எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். "அந்தக் குண்டு மட்டும் விழலன்னா உங்க தாத்தா வந்திருக்க மாட்டாரு" என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நான் அதைக் கேட்டு வளர்ந்தவன். இந்த ஊரில் அதை எப்படி எழுதிக் கொடுப்பது?

குண்டை நியாயப்படுத்துபவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு வேறு. அமெரிக்காவின் போர்த்துறை அமைச்சராக இருந்த ஸ்டிம்சன் 1947இல் எழுதிய கட்டுரையில், ஜப்பான் மீது படையெடுத்திருந்தால் அமெரிக்கப் படைக்கு மட்டுமே செத்தவர்களும் காயம்பட்டவர்களுமாகப் பத்து லட்சம் பேருக்கு மேல் சேதம் வந்திருக்கலாம் என்றார். அந்த எண் சரியா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. போர் நீண்ட ஒவ்வொரு மாதமும் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் சயாம் காட்டிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நியாயப்படுத்த வேண்டுமென்றால் அதுதான் வலுவான வாதம். எங்கள் ஆட்களை ஏனோ அதிகம் யாரும் எண்ணுவதில்லை.

ஆனால் பாட்டியின் வாதத்திலும் ஓட்டை இருக்கிறது. போரை முடித்தது குண்டு மட்டுமா? ஆகஸ்ட் 9 அதிகாலையில் சோவியத் படை ஜப்பான் பிடித்து வைத்திருந்த மஞ்சூரியாவுக்குள் நுழைந்தது. அன்று தோக்கியோவில் ஆறு பேர் கொண்ட போர்க்குழு, எந்த நிபந்தனையில் சரணடைவது என்று மூன்றுக்கு மூன்றாகப் பிரிந்து நின்றது. நாகசாகியில் குண்டு விழுந்த செய்தி கூட்டம் நடக்கும்போதே வந்தது. பிளவு அப்படியே இருந்தது. கடைசியில் பேரரசர்தான் முடிவு சொன்னார். ஹிரோஷிமாவுக்காவது தயங்கித் தயங்கி ஒரு வாதம் வைக்கலாம். மூன்றே நாளில் இன்னொரு நகரம், அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 70,000 பிணங்கள். இதற்கு என்னால் எந்த நியாயமும் கண்டுபிடிக்க முடியவில்லை. தாத்தா உயிரோடு வந்தது என் அதிர்ஷ்டம். அதை யாருடைய சாவுக்கும் ரசீதாக நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

இந்திய முகத்தைப் பார்த்தாலே இங்குள்ள சில பெரியவர்கள் நீதிபதி ராதாவினோத் பாலைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். போர் முடிந்தபின் ஜப்பானியத் தலைவர்கள் மீது நடந்த தோக்கியோ போர்க்குற்ற விசாரணையில், எல்லாரையும் குற்றமற்றவர்கள் என்று தனித்தீர்ப்பு எழுதியவர். பசிபிக் போரில் நாஜிகளின் உத்தரவுகளுக்கு நெருக்கமாக வந்தது அணுகுண்டு முடிவு ஒன்றுதான் என்றும் எழுதினார். ஜப்பானியப் படை அட்டூழியங்கள் செய்ததற்குச் சான்றுகள் ஏராளம் என்று அதே தீர்ப்பில் ஒப்புக்கொண்டதை அவர்கள் சொல்வதில்லை. நான் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மகளை ஹிரோஷிமாவிலேயே இருக்கும் இட்சுகாய்ச்சிப் பகுதிக்குக் கூட்டிப்போனேன், டிராமிலேயே போகலாம். அங்கே ஒரு பௌத்தக் கோயிலில் நிக் யூசோப்பின் சமாதி இருக்கிறது. மலாயாவிலிருந்து ஜப்பானே படிக்க வரவழைத்த மாணவர், குண்டில் இறந்தவர். கூடப் படித்த சையது ஓமார் சில வாரங்களில் கியோத்தோவில் இறந்தார். அப்துல் ரசாக் மட்டும் பிழைத்து ஊர் திரும்பி, பின்னாளில் அங்கே ஜப்பானிய மொழி சொல்லிக் கொடுத்தார். "இவங்க நம்ம ஊரா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப தாத்தாவைக் காப்பாத்தின குண்டு இவங்களைக் கொன்னிருச்சா?" என்றாள். அதற்கும் ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுப்பாடத்தில் இரண்டையும் எழுதினாள். பாட்டி சொன்னதையும் மறைக்கவில்லை. ஆசிரியர் கண்டிப்பார் என்று நான் பயந்தேன். அவர் சிவப்பு மையில் கேட்டிருந்தது ஒன்றுதான்: அந்த ரயில்பாதையை வரைபடத்தில் காட்ட முடியுமா? வகுப்பில் ஒருவருக்கும் தெரியவில்லையாம்.