செப்டம்பர் 30-ஐ விட்டவளின் டிரான்ஸ்ஃபர் குறிப்புகள்

கம்யூனிட்டி காலேஜ் என்கிற இரண்டு வருஷக் கல்லூரியிலிருந்து யூசிக்கு, அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு, மாறுவதற்குப் போட்ட விண்ணப்பங்களின் கடைசி ரிசல்ட்டும் நேற்று வந்துவிட்டது. ஆறு கேம்பஸ், ஒன்றுக்கு 80 டாலர், மொத்தம் 480. இரண்டு இடத்தில் கிடைத்தது, நாலு இடத்தில் இல்லை. ரிவர்சைடுக்குப் போகிறேன், ஸ்டாட்டிஸ்டிக்ஸ். அழுதெல்லாம் முடித்தாயிற்று. கோபம் மட்டும் பாக்கி இருக்கிறது, அதுவும் என் மேல்தான். ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

யூசி டிரான்ஸ்ஃபர் எப்படி நடக்கும், அசிஸ்ட் தளத்தில் (எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்று காட்டும் இணையதளம்) எதைத் தேடுவது, பொதுப் பாடப் பட்டியல் எதற்கு என்றெல்லாம் நான் ஆரம்பிக்கப் போவதில்லை. கம்யூனிட்டி காலேஜில் முதல் வாரமே அதை மண்டையில் ஏற்றிவிடுவார்கள். ஊரில் கொஞ்ச நாளாவது காலேஜுக்குப் போய்விட்டு, பாதியில் விட்டுவிட்டு கலிபோர்னியா வந்தவர்களுக்குத்தான் இது. நம்மில் நிறைய பேர் இருக்கிறோம், வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

என் கதை சுருக்கமாக. நான் பிறந்த வருஷம் மாமா எங்கள் அம்மாவுக்காக கிரீன் கார்டு மனு போட்டார். அது நகர்ந்து நகர்ந்து வருவதற்குள் நான் பிளஸ் டூ முடித்து, 2022 கடைசியில் கோவைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் ஈசிஇ சேர்ந்துவிட்டேன். முதல் செமஸ்டரில் ரெண்டு அரியர். கெமிஸ்ட்ரி ஒன்று, மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ் ஒன்று. அண்ணா யுனிவர்சிட்டி 2021 ரெகுலேஷன்காரர்களுக்கு அந்த 'யு' (ஃபெயில் கிரேடு) எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டாவது செமஸ்டர் பரீட்சைக்கு முன்பே விசா வந்துவிட்டது. 2023 ஜூலையில் ஃப்ரீமான்ட், ஆகஸ்ட்டில் கம்யூனிட்டி காலேஜ்.

அங்கே முதல் நாள் கவுன்சலர் கேட்டார், இதற்கு முன் வேறு காலேஜ் படித்தாயா என்று. இல்லை என்றேன். வரும் வழியில் காரிலேயே மாமா சொல்லிவிட்டார்: "அந்த ஆறு மாசமெல்லாம் இங்க கணக்குல வராது கண்ணு, அத எதுக்குப் போட்டுக்கிட்டு." பதினெட்டு வருஷம் காத்திருந்து நம்மைக் கூட்டி வந்த மனுஷன். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பட்டது.

தப்பு. எந்த நாட்டில், எத்தனை நாள் படித்திருந்தாலும், பாஸோ ஃபெயிலோ, யூசி விண்ணப்பத்தில் போட வேண்டும். மறைத்தது தெரிந்தால் கிடைத்த சீட்டையும் ரத்து செய்யலாம். இது விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கிறது. நான் அதைப் படித்தது 2024 ஆகஸ்ட்டில்.

இப்போது செப்டம்பருக்கு வருகிறேன். இந்த மாதத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

டேக் என்பது சீட்டை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளும் தனி விண்ணப்பம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. காசு கிடையாது. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ், இந்த ஆறில் ஒன்றுக்கு மட்டும் போடலாம். பெர்க்லி, எல்ஏ, சான் டியாகோவுக்குக் கிடையாது. நிபந்தனைகளை முடித்தால் சீட் உறுதி. அப்போது என் ஜிபிஏ (கிரேடு சராசரி) 3.6. நான் ஆசைப்பட்ட கேம்பஸ் கேட்டது அதைவிடக் குறைவு. வீட்டிலிருந்து அம்மா சனிக்கிழமை சாம்பார் டப்பாவோடு வந்துவிட்டு அன்றே திரும்பக்கூடிய தூரம் அது.

படிவத்தில் 'படித்த எல்லா கல்லூரிகளும்' என்று ஒரு பக்கம் வரும். கோவை காலேஜ் பெயரை டைப் செய்தேன். அழித்தேன். அடுத்த நாள் மறுபடி டைப் செய்தேன். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கேட்கிற பெண், கணக்கில் ஃபெயில் என்று தன் கையாலேயே எப்படிப் போடுவது? போடாமல் விட்டால், கவுன்சலரிடம் சொன்ன பொய்யை இப்போது யூசியிடமும் சொன்னதாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் முழுசாக நாலு வாரம் ஓட்டினேன். செப்டம்பர் 30 திங்கட்கிழமை. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு அந்தப் பக்கம் திறந்திருந்தது, பக்கத்தில் கால்குலஸ் 3 நோட்டு. 'நவம்பரில் போடுவதுதானே அசல் விண்ணப்பம், டேக் எல்லாம் எக்ஸ்ட்ரா' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லேப்டாப்பை மூடிவிட்டேன். எனக்கு இல்லை என்று சொன்ன நாலில் அந்த கேம்பஸும் ஒன்று.

அக்டோபரில் டிரான்ஸ்ஃபர் சென்டரில் வேறொரு கவுன்சலரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகம்கூட மாறவில்லை. மார்க் ஷீட்டில் உள்ளதை உள்ளபடி போடு, ஏன் என்று ரெண்டு வரி எழுது, அடுத்தது என்ன என்றார். ஆறு நிமிஷம். இதைத்தான் ஒரு வருஷமாகச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

ஊர் காலேஜ் இருப்பவர்களுக்கு:

– முதல் நாளே கவுன்சலரிடம் சொல்லுங்கள். வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

– 'ஓ' (உச்ச கிரேடு), 'ஏ பிளஸ்', 'யு' எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற்றுங்கள். நீங்களாக அமெரிக்க கிரேடாக மாற்றாதீர்கள்.

– விண்ணப்பத்தோடு டிரான்ஸ்கிரிப்ட் (மதிப்பெண் சான்று) அனுப்பத் தேவையில்லை. நீங்கள் டைப் செய்வதுதான். அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட், சீட் கிடைத்து ஒப்புக்கொண்ட பிறகு, ஜூலை 1-க்குள். இது தெரியாமல் நவம்பரில் ஊரையே கலக்கிவிட்டேன்.

– அசிஸ்ட்டில் கலிபோர்னியா கல்லூரிகள் மட்டும்தான். ஊரில் படித்த பைத்தானும் கணக்கும் இங்கே மேஜர் (முதன்மைப்) பாடமாக ஏறிவிடும் என்று நம்பி உட்காராதீர்கள்.

இந்தக் கடைசி விஷயத்தில் எனக்கு ஒரு செமஸ்டர் போனது. 'யு' வாங்கியிருந்தாலும் பாதி சிலபஸ் தெரியுமே, ஏதாவது கழிப்பார்கள் என்று முதல் செமஸ்டரில் கணக்கே எடுக்கவில்லை. அப்புறம் வசந்தத்தில் கால்குலஸ் 1, கோடையில் கால்குலஸ் 2. கோடையில் கால்குலஸ் 2 எடுக்காதீர்கள். காரணம் கேட்காதீர்கள், எடுக்காதீர்கள். ஏ வந்தது, ஆனால் அந்த ஆறு வாரத்தில் வேறு என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. லீனியர் அல்ஜீப்ரா கடைசி செமஸ்டரில் போய் மாட்டியது. விண்ணப்பம் பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அது 'எடுக்கப் போகிறாள்' என்று மட்டும்தான் தெரியும்.

கட்டுரைகள். நாலு எழுத வேண்டும், ஒன்றுக்கு 350 வார்த்தைதான் உச்சம். ஒன்று கட்டாயம், மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது. மீதி மூன்று நம் தேர்வு. அந்த மூன்றில் ஒன்றை முழுசாக அரியர் கதைக்குக் கொடுத்தேன். ஹாஸ்டல், சாப்பாடு, ராத்திரி மொட்டை மாடியில் அழுதது, எல்லாம். எழுதும்போது ரொம்ப உண்மையாக இருப்பதாகத் தோன்றியது. இப்போது படித்தால் 350 வார்த்தையில் 300 புலம்பல். கல்விப் பகுதியிலேயே கூடுதல் தகவலுக்கு ஒரு பெட்டி இருக்கிறது. அரியர், நாடு மாறியது, இடைவெளி எல்லாம் அங்கே ரெண்டு மூன்று வாக்கியத்தில் முடிய வேண்டியவை. அந்தக் கட்டுரையை நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் டியூட்டராக வேலை பார்த்ததற்குக் கொடுத்திருக்க வேண்டும். வாரம் எட்டு மணி நேரம் செய்த வேலை, செயல்பாடுகள் பட்டியலில் ஒற்றை வரியாகப் போய்விட்டது.

இன்னொன்று, என் குணத்துக்குச் சொல்வது: வாட்ஸ்ஆப் குரூப்களை விட்டு வெளியே வாருங்கள். யாரோ 3.9 என்று போட்டால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் கிடையாது. என் தோழி அதே குரூப்பில் இருந்து உருப்படியாகப் பலதும் தெரிந்துகொண்டாள், அது அவள்.

நவம்பர் 30 அந்த வருஷம் சனிக்கிழமை, கெடுவை டிசம்பர் 2 வரை தள்ளியிருந்தார்கள். நான் தேங்க்ஸ்கிவிங் அன்று உட்கார்ந்து கோவை பாடங்களை ஏற்றினேன். மார்க் ஷீட் என்னிடம் இல்லை. பழைய கிளாஸ்மேட் ஒருத்தி எங்கள் வீட்டுப் பீரோவில் இருந்து (சாவி பெரியம்மாவிடம்) எடுத்து, ஸ்கூட்டி சீட் மேல் வைத்து போட்டோ எடுத்து அனுப்பினாள். மூலையில் வெயில் பட்டு ஒரு வரி தெரியவில்லை, மறுபடி எடுக்கச் சொன்னேன். அந்த வரியில் இருந்தது ஹெரிடேஜ் ஆஃப் தமிழ்ஸ். தமிழர் மரபு, ஒரு கிரெடிட், 'ஓ' கிரேடு. அந்த மார்க் ஷீட்டிலேயே என் ஒரே 'ஓ'. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் விண்ணப்பத்தில் அதையும் ஏற்றினேன். கீழேயே 'யு', அதையும்.

ஜனவரி அப்டேட்டை யாரும் மறப்பதில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும்: 31-க்குள் ஃபால் செமஸ்டர் கிரேடு, ஸ்பிரிங் செமஸ்டரில் எடுக்கும் பாடம் எல்லாம் விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டும். முன்பு சொன்ன பாடத்தை மாற்றியிருந்தால் அதையும்.

மார்ச், ஏப்ரல் எல்லாம் போர்ட்டலைத் திறப்பதும் மூடுவதுமாகவே போனது. ரிவர்சைடு முதலில் வந்தது. அன்றைக்கு நான் சரியாகச் சந்தோஷப்படவில்லை, 'வேறு வரட்டும்' என்று இருந்துவிட்டேன். ஆசைப்பட்டது எதுவும் வரவில்லை. சாண்டா குரூஸ் வந்தது, செலவையும் வாடகையையும் கூட்டிப் பார்த்து வேண்டாம் என்று முடிவு செய்தோம். வீட்டிலிருந்து ரிவர்சைடு காரில் ஆறேழு மணி நேரம். அம்மா ஏற்கெனவே சாம்பார் பொடி எத்தனை கிலோ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். மாமாவிடம் டேக் பற்றி நான் சொல்லவில்லை, சொல்லப் போவதும் இல்லை.

ஜூன் 1-க்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஜூலை 1-க்குள் கோவையிலிருந்து சீல் வைத்த கவர் வர வேண்டும். அங்கே கையெழுத்து கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று நமக்குத் தெரியும், அதனால் ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட்டேன். விண்ணப்பமும் அதிகாரக் கடிதமும் அனுப்பியாயிற்று. திங்கட்கிழமை அதே கிளாஸ்மேட் காலேஜ் ஆபீசுக்குப் போகிறாள். பெட்ரோலுக்கு அப்பா பழைய அக்கவுன்டிலிருந்து ஜிபே செய்துவிட்டார். "இதுக்கு மட்டும் ட்ரீட் தனி" என்று வாய்ஸ் நோட் அனுப்பியிருக்கிறாள்.