கலிலேயாக் கரையில் அப்பாவோடு

இஸ்ரயேலில் கலிலேயக் கடலைக் கண்டதும் அப்பா குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டுப் பார்த்தார். "உப்பே இல்லையேல. இதையா கடலுங்காங்க?"

நாற்பது வருடம் மணப்பாட்டில் கடலுக்குப் போனவர் அவர். இது நன்னீர் ஏரிதான், நீளம் 21 கிலோமீட்டர், அகலம் கூடிப்போனால் 13 கிலோமீட்டர் என்று வழிகாட்டி சொன்னதும் அவர் முகம் சற்று வாடியது. எனக்கும்தான். சின்ன வயதில் கோயிலில் உட்கார்ந்து நான் கற்பனை செய்த கடல் இதைவிடப் பெரியது.

அன்று பஸ் தாமதம். காலைப் பூசை மாலைக்குத் தள்ளிப்போக, மகதலாவில் இறங்க முடியவில்லை. அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயர் 'தரிக்கேயா' என்றும், மீனுக்கு உப்புப் போடுகிற இடம் என்று அர்த்தம் என்றும் வழிகாட்டி சொன்னார். "அப்போ மகதலா மரியா கருவாட்டு ஊர்க்காரியா?" என்று எங்கள் குழுவில் ஓர் அக்கா கேட்டார். பஸ்ஸே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. எங்கள் ஆச்சி சம்பை வியாபாரம், அதாவது கருவாட்டு வியாபாரம், பார்த்தவள்.

அடுத்தது கின்னோசார் அருங்காட்சியகம். 1986-இல் மழையில்லாமல் ஏரி உள்வாங்கியபோது, அந்த ஊர்ச் சகோதரர்கள் இருவர் சேற்றில் கண்டெடுத்த படகு அங்கே இருக்கிறது. வயது சுமார் 2000 ஆண்டு. எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம், 2.3 மீட்டர் அகலம். மரம் உளுத்துப்போகாமல் இருக்க வருடக்கணக்கில் ஒருவகை மெழுகுக் கரைசலில் ஊறவைத்திருக்கிறார்கள். இயேசு இந்தப் படகில் ஏறினாரா என்று குழுவில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

அப்பா அதைக் கேட்கவே இல்லை. படகை மூன்று சுற்று சுற்றி வந்தார். "புது மரத்துல கட்டுனது இல்லல இது. பாத்தியா, ஒவ்வொரு பலகையும் ஒவ்வொரு சாதி." சரியாகச் சொல்லியிருந்தார். பலகையில் பெரும்பாலும் கேதுரு, பலகைகளைத் தாங்கும் உள்கால்களில் கருவாலி (ஓக்), ஒட்டுப்போட்ட இடங்களில் இலந்தை, பைன் என்று பத்து வகைக்குக் குறையாத மரங்கள். பல துண்டுகள் பழைய படகுகளிலிருந்து கழற்றியவை. கடைசியில் ஆணி, பாய்மரக் கட்டைகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வெறும் கூட்டை விட்டிருக்கிறார்கள். "இல்லாதவன் வள்ளம்" என்று முடித்துக்கொண்டார் அப்பா.

மத்தியானம் 'பேதுரு மீன்' சாப்பிட்டோம். தட்டில் வந்தது நம்மூர் ஜிலேபி மீனுக்குச் சொந்தக்கார மீன். மசாலா கிடையாது, எண்ணெயில் முழுசாகப் பொரித்திருந்தார்கள். விலையைச் சொன்னால் அப்பாவுக்குச் சாப்பாடு இறங்காது என்று நான் வாயே திறக்கவில்லை.

கப்பர்நாகும் கருங்கல் ஊர். வெள்ளைத் தூண்களோடு நிற்கும் யூதத் தொழுகைக்கூடத்தைத்தான் எல்லாரும் படம் எடுக்கிறார்கள். அது இயேசு காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிந்தியது. எனக்குப் பிடித்தவை பக்கத்தில் கிடக்கும் வீட்டுச் சுவர்கள்தான். நடுவே முற்றம், அதைச் சுற்றிச் சின்னச் சின்ன அறைகள், முற்றத்தில் அடுப்பு. பேதுரு என்கிற சீமோன், அவர் சகோதரர் அந்திரேயா, சீமோனின் மாமியார் எல்லாரும் ஒரே வீட்டில் எப்படி இருந்திருப்பார்கள் என்பது அங்கே நின்றால் புரிகிறது. மேலே மரக்கொம்பும் மண்ணும் போட்ட கூரை. இயேசுவிடம் தூக்கிவந்த முடக்குவாதக்காரரை அதைப் பிரித்து இறக்கியது பெரிய வேலையாக இருந்திருக்காது. அப்புறம் கூரையைச் சரிசெய்தது யார் என்பதை மட்டும் நற்செய்தி சொல்லவில்லை.

பேதுரு வீடு என்று காட்டும் இடத்தில் தோண்டியபோது தூண்டில் முட்களும் கிடைத்தனவாம். வெளியே மாவரைக்கும் ஏந்திரக்கற்கள் வரிசையாகக் கிடக்கின்றன. ரோமர் காலத்து மைல்கல்லும் ஒன்று உண்டு. ஊர் வழியாக வியாபாரப் பாதை போனது. ஏரோது மன்னனின் மகன் அந்திப்பா ஆண்ட பகுதிக்கும் அவன் சகோதரன் பிலிப்பு ஆண்ட பகுதிக்கும் எல்லையும் பக்கத்தில்தான். வரி வசூலித்த மத்தேயு சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

ஏரிக்கரையில் இருக்கும் தப்காவுக்குப் போய்ச் சேர்ந்தபோது காற்று திரும்பியிருந்தது. ஏரி கடல் மட்டத்துக்கு 210 மீட்டர் கீழே கிடக்கிறது, சுற்றிலும் மேடு. காலையில் கண்ணாடியாக இருந்த தண்ணீர் அரை மணி நேரத்தில் வெள்ளை வெள்ளையாக நுரைத்தது. அப்பா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கடலா இது' என்ற பேச்சு அதன்பின் வரவில்லை. அந்தக் கரையில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு, குளிர்காலத்தில் மீன் அங்கே வந்து கூடும் என்றதும், "பின்ன, வலையை வேற எங்க போடுவான்?" என்றார்.

பூசையில் வாசகம் யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரம். விடியவிடிய ஒன்றும் கிடைக்காமல், பிறகு வலையில் 153 பெரிய மீன்கள் விழுந்த கதை. பூசை முடிந்து கல்லில் உட்கார்ந்தபோது, அந்த எண்ணிக்கைக்கு எத்தனையோ விளக்கம் உண்டு, ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று புனித அகுஸ்தினார் எழுதியிருக்கிறார் என்றேன்.

"பங்கு வைக்காண்டாமா? எண்ணாம எப்படி?" என்றார் அப்பா. "எத்தனை பேரு போனாங்க?"

விவிலியத்தைப் புரட்டினேன். சீமோன், தோமா, நத்தனியேல், செபதேயுவின் மகன்கள், இன்னும் இரண்டு பேர். "ஏழு."

"ஆளுக்கு ஒண்ணு, ஏழு. வள்ளத்துக்கு ஒண்ணு, வலைக்கு ஒண்ணு. ஒம்போது பங்கு. போடு."

செல்போனை எடுத்தேன். பங்குக்குப் பதினேழு. ஒரு மீன்கூட மிச்சமில்லை.

எனக்குக் கொஞ்சம் மயிர்க்கூச்செறிந்தது. ஆனாலும் விடாமல் கேட்டேன்: "கரையில கொஞ்சம் மீனைக் கொண்டாங்கன்னு ஆண்டவர் கேட்டாரே, அது கணக்குல குறையாதா?"

"கறிக்கு எடுக்குறது பங்குல வராதுல" என்று சொல்லிவிட்டு, பஸ் பக்கம் நடந்தார்.