கொரியன் புல் போய்ப் பொடுதலை வந்தது

மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த 200 சதுர அடி கொரியன் புல்லுக்கு, தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் கத்திரி வெயில் நாள்களிலும் நீர் ஊற்ற வேண்டியிருந்ததால், அதை எடுத்துவிட முடிவு செய்தேன்.

அதற்குப் பதிலாக முதலில் வாங்கியது, தரையோடு படரும் குளோவர் என்ற செடியின் விதை. அதன் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன என்று படித்து மயங்கிய நான், அது குளிர்நாட்டுச் செடி என்பதை மறந்துவிட்டேன். டிசம்பரில் முளைத்தவை மார்ச்சிலேயே கருகின.

பிறகுதான் ஏரிக்கரையில் தானாகப் படர்ந்திருந்த பொடுதலை கண்ணில் பட்டது. பாட்டி பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சிய அதே செடி. கணுவுக்குக் கணு வேர்விடும் என்பதால், சாண் நீளத் தண்டுகளை வெட்டி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் ஓரடி இடைவெளியில் நட்டேன்.

நடுவதைவிட, அதற்கு முன் கோரையை அகற்றியதே பெரும்பாடு. மேலே பிடுங்கினால் அடியில் கிழங்கு தங்கி மீண்டும் முளைக்கும். மண்வெட்டியால் வெட்டினாலோ, சங்கிலியாகக் கோத்திருக்கும் கிழங்குகள் துண்டுபட்டுத் தனித்தனியே தழைக்கும். மூன்று வாரங்கள் கைக்கொத்தால் கிளறி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி, குப்பைக்குழியில் போடாமல் வெயிலில் காயவைத்தேன். இன்றும் வாரத்துக்கு நான்கைந்து தலைகாட்டுகின்றன.

இடையிடையே தும்பையும் விஷ்ணுகிராந்தியும் விதைத்தேன். வெட்டுக்காயப் பூண்டு அழைக்காமலே வந்தது. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த செடிதான் என்றாலும், அதன் பூக்களில் வண்ணத்துப்பூச்சிகள் அமர்வதைப் பார்த்தபின் பாதியை விட்டுவைத்திருக்கிறேன்.

எதிர்வீட்டு மாமா மட்டும், “என்ன சார், வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தீர்களா?” என்று கேட்டார்.