காந்தத்தை வால்வின் தலையில் வையுங்கள்

ஓரம் கருகிப் பிய்ந்துபோன எக்ஸாஸ்ட் வால்வு, அதாவது எஞ்சினிலிருந்து புகையை வெளியே விடும் வால்வு, இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ராலிக்காகத் தயார் செய்த 4 சிலிண்டர் டர்போ டீசல் எஞ்சின் அது. பூஸ்ட்டையும் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) டீசல் அளவையும் கூட்டியிருந்தோம். முழுச் சுமையில், டர்போவுக்கு முன்னால் புகையின் வெப்பம் 750 டிகிரி செல்சியஸைத் தொட்டது. இரண்டாவது ஓட்டத்திலேயே மூன்றாம் சிலிண்டரில் கம்ப்ரஷன் போய்விட்டது.

ஹெட்டைக் கழற்றியதும் விஷயம் விளங்கியது. இன்லெட் (காற்றை உள்ளே விடும் வால்வு), எக்ஸாஸ்ட் இரண்டுக்கும் ஒரே சில்குரோம் எஃகு வால்வுகளையே விற்றிருக்கிறார்கள். 9 சதவீதம் குரோமியமும் 3 சதவீதம் சிலிக்கானும் கலந்த அந்த எஃகு இன்லெட்டுக்கு அருமையானது. 600 டிகிரிக்கு மேல் உறுதி தளர்ந்துவிடும். "வெப்பம் தாங்கும் எஃகு என்றுதானே பில்லில் இருக்கிறது சார்?" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். எஃகின் தரப்பெயரைப் பில்லில் எழுதி வாங்காமல் வால்வு வாங்காதீர்கள்.

இன்கோனெல் 751 என்ற நிக்கல் உலோகக்கலவை மீது ஆசை இருந்தது, விலை தடுத்தது. எங்கள் வெப்பத்துக்கு 21-4என் எஃகே போதும். 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், கூடவே மாங்கனீசும் நைட்ரஜனும். சீட்டில் (வால்வு மூடும்போது பொருந்தும் வளையம்) அமரும் முகத்துக்கு ஸ்டெல்லைட் என்ற கடினக் கலவை ஏற்றியதாகக் கேட்டு வாங்கினேன்.

இந்த எஃகில் காந்தம் ஒட்டாது. பெட்டியைப் பிரித்து ஸ்டெம்மில் (வால்வின் தண்டு) காந்தத்தை வைத்தேன், பச்சென்று ஒட்டிக்கொண்டது! மறுபடியும் ஏமாந்தோமா என்ற கொதிப்பில் 40 கிலோமீட்டர் பைக்கை விரட்டி, ஹெட் வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் நிதானமாக, "தலையில் வைத்துப் பாருங்கள், தம்பி" என்றார். ஒட்டவில்லை. தலையும் அதை ஒட்டிய ஸ்டெம் அடியும் 21-4என், ஸ்டெம்மின் மீதி வேறு எஃகு, இரண்டையும் உராய்வு வெல்டிங்கில் இணைத்திருந்தார்கள். ராக்கர் (வால்வை அமுக்கித் திறக்கும் கை) அடிக்கும் ஸ்டெம் நுனி கடினமாக இருக்க வேண்டும். 21-4என் எஃகைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்க முடியாது.

அது வெப்பத்தில் சில்குரோமைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும் என்பதால், எக்ஸாஸ்ட் கைடுகளில் (ஸ்டெம் ஏறி இறங்கும் குழாய்கள்) கூடுதல் இடைவெளி விட்டுத் தந்ததும் அவர்தான்.

இன்லெட்டையும் அலட்சியம் செய்யாதீர்கள். டர்போ டீசலில் உள்ளே வரும் காற்று அழுத்தத்தோடு வருவதால், கைடு வழியாக எண்ணெய் சீட்டுக்கு இறங்குவதில்லை. சீட் உலர்ந்தே தேய்கிறது. அந்தத் தேய்மானத்தைக் குறைக்க இன்லெட் சீட் கோணத்தை 45 டிகிரியிலிருந்து 30 ஆக்கினோம்.

சீட் தேய்ந்தால் டேப்பெட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் ஸ்டெம் நுனிக்கும் நடுவே உள்ள இடைவெளி, குறைந்துகொண்டே வரும். மூன்று ராலிகள் முடிந்து, நேற்று ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்தேன். எட்டு வால்வுகளிலும் வைத்த இடைவெளி அப்படியே இருந்தது.