ஒன்பது கை

கோபி பக்கம் எங்கள் அப்புச்சி தோட்டத்துக் கிணறு நான்கு பங்காளிகளுக்குப் பொது. ஆழப்படுத்த நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் சும்மா இருந்தாலே வேலை நின்றுபோகும். ஐ.நா. பாதுகாப்பு அவையும் அப்படித்தான் என்ற நினைப்போடு, கோவையில் ஒரு கல்லூரி நடத்திய, மாணவர்கள் ஆளுக்கொரு நாடாகப் பேசும் மாதிரி ஐ.நா. கூட்டத்துக்குப் போனேன். எனக்கு விழுந்த நாடு சியரா லியோன். பொருள் சூடான் போர்.

2024 நவம்பரில் பிரிட்டனும் சியரா லியோனும் கொண்டுவந்த சூடான் தீர்மானம் நிஜ அவையில் தோற்றது. 15 பேரில் 14 பேர் ஆதரவு, ரஷ்யா மட்டும் எதிர்ப்பு. ரஷ்யா நிரந்தர உறுப்பினர் என்பதால் அந்த ஒற்றை எதிர்ப்பே தீர்மானத்தைத் தடுத்தது; அதுதான் வீட்டோ. அதனால் முதல் நாள் முழுக்க, ரஷ்யாவாக உட்கார்ந்திருந்த திருப்பூர்ப் பையனிடம் ஆதரவு கேட்டுக் கெஞ்சினேன். அவன் அசையவில்லை.

சாயங்காலம் எங்கள் பேராசிரியை ஐ.நா. சாசனத்தின் 27-ஆம் பிரிவைப் படிக்கச் சொன்னார். முக்கிய முடிவுகளுக்கு 9 ஆதரவு ஓட்டு வேண்டும்; ஐந்து நிரந்தர உறுப்பினரின் இசைவும் வேண்டும். எழுத்தில் அப்படி இருந்தாலும், நிரந்தர உறுப்பினர் நடுநிலை வகித்தால் அது வீட்டோ ஆகாது என்பது வழக்கம். 1971-இல் நமீபியா பற்றிய ஆலோசனைக் கருத்தில் சர்வதேச நீதிமன்றமும் அதை ஏற்றது. 2011-இல் லிபியா தீர்மானம் 10 ஓட்டில் நிறைவேறியபோது ரஷ்யாவும் சீனாவும் நடுநிலைதான்; இந்தியாவும்.

மறுநாள் கேள்வியை மாற்றினேன். "எந்த வரிக்காக எதிர்ப்பீங்க?" சூடான் அரசின் இறையாண்மை என்றான். அரசின் ஒப்புதலோடு உதவி போகும் என்று சேர்த்தேன். அந்த உதவியை வெளியாட்கள் கண்காணிக்கும் வரியை எடுத்தேன். 'முடிவுசெய்கிறது' என்ற சொல்லை மட்டும் 'கேட்டுக்கொள்கிறது' என்று மாற்ற விடவில்லை. 25-ஆம் பிரிவின்படி அவையின் முடிவு உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். வெறுமனே கேட்டுக்கொள்வதற்குப் பொதுவாக அந்த வலு கிடையாது.

கண்காணிப்பு போனதில் சிலர் கோபித்துக்கொண்டு விலகினார்கள். ஓட்டெடுப்பில் எட்டுக் கை. நெஞ்சு அடித்துக்கொண்டது. கடைசியில் ஈக்வடார் தூக்கியது. 9 ஆதரவு, 6 நடுநிலை, எதிர்ப்பு இல்லை.

ராத்திரி அப்புச்சிக்குப் போன் போட்டேன்.

"ஒத்துக்காதவனை எப்படிக் கண்ணு மடக்குன?"

"மடக்கலீங்க அப்புச்சி. எதிர்க்காம இருந்தாப் போதும்னு கேட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "அந்தச் சனத்துக்குச் சோறு போய்ச் சேருமா?" என்றார்.

நான் எடுத்துவிட்ட வரி அதற்குத்தான் இருந்தது.