கேட் கீப்பரையும் ஏற்றிக்கொண்டு போன ரயில்

ரயில் வருவதற்கு முன்னால் கேட்டை மூடிவிடுவார்கள் என்பதுதான் நமக்குத் தெரிந்த நடைமுறை. 2019 ஜூனில் திருவாரூர் - காரைக்குடி பாதையில் மறுபடி ரயில் விட்டபோது இதைத் தலைகீழாக்கினார்கள். முதலில் ரயில் வரும். கேட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் கொடியோடு இறங்கி ஓடிப்போய்க் கேட்டை மூடுவார். ரயில் மெல்ல ரோட்டைத் தாண்டி மறுபடியும் நிற்கும். கடைசிப் பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு வந்து ஏறிக்கொள்வார். விசில், ஹார்ன், புறப்பாடு. அப்பாடா என்று காலை நீட்டினால் அடுத்த கேட் வந்துவிடும்.

கேட்டுகளுக்கு ஆள் போடாமலேயே ரயிலை விட்டதால் வந்த வினை இது. மீட்டர் கேஜ் பாதையை 2012ல் மூடினார்கள். அகலப்பாதையாக்கும் வேலை நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. காரைக்குடியிலிருந்து பட்டுக்கோட்டை வரை 2018ல் தயாரானது. மிச்சம் மறுவருஷம். தண்டவாளம் வந்தது, பாலம் வந்தது, ஸ்டேஷனுக்குப் புதுப் பெயிண்ட் வந்தது. கேட் கீப்பர்கள் மட்டும் வரவில்லை. ஆள் வரும்வரை காத்திருந்தால் இன்னும் ரெண்டு வருஷம் ஆகும், ரயில் எங்கே ரயில் எங்கே என்று ஜனங்களும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஆகவே கேட் கீப்பரையே ரயிலில் ஏற்றிவிட்டார்கள். மொபைல் கேட் கீப்பர் என்று அதற்குப் பெயர். யோசித்தவர் கெட்டிக்காரர்தான், மறுக்க மாட்டேன். ஆனால் அவர் அந்த வண்டியில் ஒருநாள் போய்வந்திருக்க வேண்டும்.

சுமார் 150 கிலோமீட்டர். ஆறு மணி நேரம். இது தாமதமானால் ஆகும் கணக்கு இல்லை, அட்டவணையிலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

எனக்குக் காரைக்குடியில் சித்தி வீடு. அவசரமில்லாத பயணம். டிக்கெட்டும் பஸ் கட்டணத்தில் பாதிகூட இல்லை. ஒரு புதன்கிழமை காலை எட்டேகாலுக்குத் திருவாரூரில் ஏறி உட்கார்ந்தேன். எதிர் இருக்கையில் ஒரு குடும்பம்: அப்பா, அம்மா, அத்தை, மாமா, எட்டு ஒன்பது வயதில் ஒரு வாண்டு, இவர்களுக்கு நடுவில் முழுக்கைச் சட்டையை மடிப்புக் கலையாமல் காப்பாற்றிக்கொண்டு ஒரு இளைஞர். மடியில் பூப்பை, காலடியில் பழப்பை. கேட்கவே வேண்டாம், பெண் பார்க்கத்தான். அறந்தாங்கியில் பெண்.

பயணத் திட்டம் மாமாவுடையது. "அறந்தாங்கி என்ன, நூத்துப்பத்து கிலோமீட்டர் இருக்குமா? ரயில்ல மூணு மணி நேரம். பதினொண்ணே காலுக்குப் போயிடுறோம். பன்னெண்டுக்கு ராகு காலம் ஆரம்பிக்கறதுக்குள்ள பொண்ணைப் பாத்து, பூ வச்சு, காபி குடிச்சு முடிச்சாச்சு" என்று எனக்கே விளக்கினார். பஸ்ஸைவிட ரயில் வேகம் என்பது அவருடைய தலைமுறையின் நம்பிக்கை. நான் வாயைத் திறக்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவர்களிடம் ரயில்வே அட்டவணையை எடுத்துக் காட்டுவது அபசகுனம்.

முதல் கேட்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இரண்டாவதிலும் பார்த்தார்கள். வாண்டு, "ஒண்ணு... ரெண்டு..." என்று விரல்விட ஆரம்பித்தான். திருநெல்லிக்காவல் வருவதற்குள் இரண்டு கை விரலும் தீர்ந்து, அத்தையின் விரலைக் கடன் வாங்கினான்.

நாங்கள் இருந்தது கடைசிப் பெட்டி. திறக்கிற கேட் கீப்பர் எங்கள் ஆள். ஐம்பதை ஒட்டிய வயது, தோளில் பை, பையில் தண்ணீர் பாட்டில், கையில் சுருட்டிய கொடி. பிளாட்பாரம் இருந்தால் டெமு என்கிற இந்த டீசல் வண்டியில் ஏறுவது சுலபம். வயல்வெளியில் வண்டி நிற்கும்போது கீழே சரிந்து கிடக்கும் ஜல்லியிலிருந்து படிக்கு எட்டிக் கால் வைக்க வேண்டும். அவர் ஒரு கையால் கம்பியைப் பிடிப்பார், வாசலில் உட்கார்ந்திருக்கிற பையன்கள் மறு கையைப் பிடித்துக் கிணற்றிலிருந்து குடம் தூக்குவது மாதிரி இழுத்துப் போடுவார்கள். ஏறியதும் கார்டைப் பார்த்துக் கை காட்டிவிட்டு, செருப்புக்குள் போன ஜல்லியைத் தட்டுவார். தட்டி முடிப்பதற்குள் அடுத்த ஹார்ன். திருத்துறைப்பூண்டிக்கு அப்புறம் தட்டுவதை விட்டுவிட்டார்.

முன்னால் கேட்டை மூடுகிறவர் சின்னப் பையன். மூடுவது சண்டை பிடித்த வேலை. ஏழு வருஷமாக அந்த ரோட்டில் போகிறவர்களுக்கு ரயில் என்ற ஞாபகமே கிடையாது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், கைப்பிடியைச் சுற்றி அவர் கட்டையை இறக்க இறக்க, புல்லுக்கட்டோடு ஒரு டிவிஎஸ் ஐம்பது தலையைக் குனிந்து உள்ளே நுழைகிறது. "அண்ணே, வண்டி நிக்கிது பாருங்க!" என்று கத்துகிறார் இவர். "அதான் நிக்கிதுல்ல? வந்துச்சுன்னாத்தானே நான் நிக்கணும்" என்கிறார் அவர். இந்த வாதத்துக்குப் பதில் சொல்லும் சட்டம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நிற்கிற வண்டியைப் பயன்படுத்திக்கொள்ளவும் ஜனங்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். தில்லைவிளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு கேட்டில் நின்றபோது, ஒரு அம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுத் தானும் இறங்கினார். கேட் கீப்பர் பதறிப்போய், "ஏம்மா, இது ஸ்டேஷன் இல்ல!" என்றார். "ஸ்டேஷன்ல எறங்கிட்டு நான் வெயில்ல திரும்பி நடக்கணுமா? எங்க வீடு அந்தா தெரியுது" என்று சொல்லிவிட்டு, மூடியிருந்த கேட்டுக்கு அடியில் புகுந்து போய்விட்டார்.

செல்போனில் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்குத்தான் பெரும்பாடு. "எங்கன்னு கேட்டா எப்படிச் சொல்றது? கேட்டுல நிக்கிறேன்... எந்த கேட்டா? அதுல நம்பர் எழுதியிருக்கு, ஊர் பேரு எழுதலையே!"

முத்துப்பேட்டையில் பேராவூரணிக்காரர் ஒருவர் ஏறினார். தென்னை வியாபாரம். ஏறியதும் பழைய கதையை எடுத்தார். கம்பன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் மெட்ராஸ். அப்போது ஒவ்வொரு கேட்டிலும் ஆள், ஆளுக்கு ஒரு அறை, அறை வாசலில் ஒரு முருங்கை. "சின்னப் பாதை, சின்ன வண்டி. இதைவிட வேகமா போச்சு தம்பி. இப்ப பாதையை அகலப்படுத்துனாங்க, நேரத்தையும் சேத்து அகலப்படுத்திட்டாங்க" என்றார். பெட்டியே சிரித்தது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

அதிராம்பட்டினம் தாண்டியதும் சிரிப்பு கொஞ்சம் அடங்கியது. முந்தின நவம்பரில் கஜா புயல் போன வழி அது. இரண்டு பக்கமும் தென்னைகள் சாய்ந்த வாக்கிலேயே காய்ந்து கிடந்தன. சில தோப்புகளில் மட்டும் அறுத்து ஒதுக்கிவிட்டு இடையிடையே புதுக்கன்று நட்டிருந்தார்கள். வண்டி மெதுவாகப் போனதால் ஒவ்வொரு மரமாகப் பார்க்க முடிந்தது. பேராவூரணிக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

பட்டுக்கோட்டை வந்தபோது மணி பதினொன்றே முக்கால். மாமாவின் திட்டம் அங்கே அதிகாரபூர்வமாகச் செத்தது. அத்தை அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. அப்பா பெண் வீட்டுக்குப் போன் போட்டார். "சம்பந்தி... இல்லீங்க, இன்னும் சம்பந்தி ஆகல, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்... ஆமாங்க, பட்டுக்கோட்டையில இருக்கோம்... ரயில்லதான்... ஏன் ரயில்லயா? அது மச்சான் ஏற்பாடுங்க." மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ராகு காலத்தில் வாசல்படி ஏற வேண்டாம், ஒன்றரைக்கு மேல் வந்தால் போதும்.

இங்கேதான் வண்டிக்குள் காற்று திசை மாறியது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அறந்தாங்கிக்கு ஒரு மணிக்கு முன்னால் போய்விடும்போல இருந்தது. போனால் அரைமணிக்கு மேல் உச்சி வெயிலில் பூவையும் பழத்தையும் மாப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார வேண்டும். காலையிலிருந்து வண்டி வேகமாகப் போகவேண்டும் என்று பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டிருந்த குடும்பம், இப்போது மெதுவாகப் போகவேண்டும் என்று விண்ணப்பத்தைத் திருத்தியது.

ஒட்டங்காடு பக்கம் வண்டி நின்றதும் மாமா கதவோரம் போய், "அண்ணே, எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்ல. வெயில்ல ஓடாதீங்க, நிதானமாத் திறங்க" என்றார். கேட் கீப்பர் அவரைச் சந்தேகமாகப் பார்த்தார். அந்த வண்டியில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் திரும்பி ஏறியதும் அத்தை முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினார். "உக்காந்து சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி. தண்ணி குடிங்க."

"அம்மா, நான் உக்காந்தா வண்டி நிக்கும். வண்டி நின்னா என்னைத்தான் கேப்பாங்க" என்றார் அவர், ஆனாலும் இரண்டு முறுக்கை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வேண்டுமென்றால் ஓடாது, வேண்டாமென்றால் ஓடும். பேராவூரணிக்கு அப்புறம் வண்டிக்கு எங்கிருந்து வந்ததோ வேகம். காரணம் பிற்பாடுதான் புரிந்தது. உச்சி வெயிலில் ரோட்டில் ஈ காக்கை இல்லை. கேட்டில் வாதாட டிவிஎஸ் ஐம்பதும் இல்லை, மாட்டு வண்டியும் இல்லை. முன்னால் இறங்குகிற பையன் இழுத்த இழுப்பில் கேட்டுகள் மூடின. ஆயிங்குடி போனதே தெரியவில்லை. ஒவ்வொரு கேட்டிலும் வாண்டு கணக்கைச் சொல்ல, அந்த எண் சரியா தப்பா என்று அப்பாவும் மாமாவும் தகராறு செய்ய, பன்னிரண்டு ஐம்பதுக்கு அறந்தாங்கி. சுத்தமான ராகு காலம்.

பிளாட்பாரத்தில் ஒரு பெரியவர் கையில் கலர் பாட்டில்கள் நிரம்பிய பையோடு நின்றிருந்தார். பெண்ணின் அப்பாவாம். "வீட்டுக்குத்தானே வரக் கூடாது, ஸ்டேஷன்ல உக்காரக் கூடாதுன்னு பஞ்சாங்கத்துல இல்லையே" என்றபடி ஆளுக்கொரு பன்னீர் சோடாவைக் கொடுத்தார். வண்டி நகரும்போது எல்லோரும் நிழற்குடைக்கு அடியில் வட்டமாக உட்கார்ந்து, பையனுக்கு எங்கே வேலை, எத்தனை வருஷம் என்று ஆரம்பித்துவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை சட்டை முழுக்க டீசல் புகை. அந்தக் கல்யாணம் நடந்ததா என்று எனக்குத் தெரியாது. ராகு காலத்துக்குள் பாதிப் பேச்சை முடித்துவிட்டார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

காரைக்குடியில் சித்தி, "பஸ்ல வந்திருந்தா இந்நேரம் சாப்பிட்டுத் தூங்கி எந்திரிச்சிருக்கலாம்" என்றார். நியாயம்தான். நான் இறங்கும்போது கேட் கீப்பர்கள் இருவரும் பெஞ்சில் உட்கார்ந்து அவசர அவசரமாகச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அதே வண்டி உடனே திருவாரூருக்குத் திரும்ப வேண்டும். அதே கேட்டுகள், கடைசியிலிருந்து முதலுக்கு.

பிற்பாடு ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களை ஒப்பந்தத்தில் கேட் கீப்பர்களாகப் போட்டார்கள். ரயிலுக்குள் கேட் கீப்பர் சவாரி நின்றது, நேரமும் குறைந்தது. 2023 ஏப்ரலில் தாம்பரம் - செங்கோட்டை எக்ஸ்பிரஸே இந்த வழியாக வந்துவிட்டது. கேட்டெல்லாம் முன்கூட்டியே மூடியிருக்க, அது பாட்டுக்கு ஹார்ன் அடித்துக்கொண்டு பறக்கிறது.

வந்த கொஞ்ச நாளிலேயே வழியில் இருக்கிற ஊர்க்காரர்கள் மனு எழுத ஆரம்பித்தார்கள். பேராவூரணிக்காரர்கள் ரொம்பவே தீவிரமாக இருந்தார்கள். வண்டி எங்கள் ஊரில் நிற்காமல் போகிறது என்பதுதான் அப்போது புகார்.